மூலம் என்று மறைக்கப்படும் பவுத்திரம்

சிறுதொழிற் கடன் சம்பந்தமாக எம்மைக் காண வந்த ஒருவர், நாம் காட்டிய கதிரையில் இருக்க மறுத்துவிட்டார். "பரவாயில்லை, நிற்கிறேன்" என்று சொல்லி, அரை மணித்தியாலமும் சுவரோடு சாய்ந்தபடியே பேசினார். வயது இருபத்தொன்பது. மேசன் வேலை செய்து வந்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டதாகவும், வீட்டோடு இருந்து செய்யக்கூடிய ஏதாவதொன்றுக்கு உதவி வேண்டுமென்றும் கேட்டார். ஏன் வேலையை விட்டார் என்று கேட்டபோது "மூலம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் முழுவதையும் சொன்னார். நான்கு வருடங்களுக்கு முன் மலவாசலுக்கு அருகே ஒரு கட்டு எழும்பியது. இரவில் காய்ச்சலும் நோவும் தாங்க முடியாமல் ஒரு வைத்தியசாலையில் கீறிச் சீழ் எடுத்தார்கள். இரண்டு கிழமையில் சுகம் வந்தது போலிருந்தது. பின் அதே இடத்தில் சிறு துவாரம் விழுந்து, சீழும் தண்ணீரும் கசியத் தொடங்கின. அயலவர்கள் மூலம் என்றார்கள். மூலத்துக்கு எண்ணெய் பூசினார், குளிசை விழுங்கினார், கோழியிறைச்சியையும் கத்தரிக்காயையும் விட்டார். இன்னும் இரண்டு தடவை கட்டு எழும்பியது, இரண்டு தடவையும் கீறினார்கள். கறை தெரியாதிருக்கக் கறுப்புச் சாறமாகவே வாங்கினார். கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். சாறங்களைத் தோய்ப்பது மனைவி என்பதால் அவருக்கு மட்டும் ஓரளவு தெரியும். அவரோடும் பேசியதில்லை. தனிப் பாயில் படுக்கத் தொடங்கினார். அறுபத்திரண்டு கிலோவாக இருந்த நிறை நாற்பத்தொன்பதாகியது.

கடைசியாக ஒரு பெரிய வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர், புண்ணைப் பார்ப்பதற்கு முன்பாகவே, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் வயிற்றாலை போகுது?" என்று கேட்டாராம். "ஐந்து, ஆறு தரம். அது எனக்கு எப்போதும் அப்படித்தான்" என்றார் இவர். "எப்போதும் என்றால்?" "நாலு, ஐந்து வருடமாக." நான்கு வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. இவரும் சொல்லாத விடயம். அவருக்கு இருந்தது மூலமுமல்ல, சாதாரண பவுத்திரமுமல்ல. குரோன்ஸ் நோய் என்னும் குடல் அழற்சி நோய் மலவாசலில் வந்து வாய் திறந்திருந்தது.

இந்த நோயைப்பற்றி எழுத வேண்டுமென்று நாம் அன்றே தீர்மானித்தோம். எழுதக் கூச்சமான விடயந்தான். வாசிப்பவர்களுக்கும் கூச்சமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கூச்சம் ஒருவருக்கு நான்கு வருடங்களையும் பதின்மூன்று கிலோ நிறையையும் செலவாக்கியிருக்கின்றது.

மூலம் வேறு, பவுத்திரம் வேறு

மலவாசலில் வரும் எல்லா நோவையும் நாம் மூலம் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். மூலம் என்பது மலவாசலின் உட்புறத்திலுள்ள இரத்தக் குழாய்களோடு கூடிய தசைமெத்தைகள் வீங்கிச் சரிவது. அதில் இரத்தம் போகும், சீழ் போகாது. வெடிப்பு என்பது மலவாசலின் ஓரத்தில் தோல் பிளப்பது. மலங்கழிக்கும்போது கத்தியால் அறுத்தது போல் நோகும். பவுத்திரம் இவ்விரண்டும் அல்ல. குடலின் உட்புறத்திலிருந்து வெளித்தோல்வரை தசைகளைத் துளைத்துக்கொண்டு செல்லும் ஒரு சுரங்கம் அது. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய்.

வயல் வரம்பில் எலி வளை தோண்டினால் என்ன நடக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஒரு வயலின் தண்ணீர் வளை வழியாக அடுத்த வயலுக்குள் கசிகின்றது. வெளிவாயை மண்ணால் அடைத்தால் அன்றைக்கு நிற்கும். மறுநாள் பக்கத்தில் இன்னோர் இடத்தால் பீறிடும். உள்வாயைக் கண்டுபிடிக்கும்வரை வேலை முடியாது. பவுத்திரமும் இதே போன்றதுதான். வெளித்துவாரத்தின்மேல் பூசும் எண்ணெயும் களிம்பும் வரம்பின் வெளிப்பக்கம் பூசும் மண்தான்.

சாதாரண பவுத்திரம் பெரும்பாலும் மலவாசலுக்குள் இருக்கும் சிறு சுரப்பிகளில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடிப்பதால் உண்டாகின்றது. சீழ் தனக்கொரு வழி தேடி வெளியே வருகின்றது. வந்த வழி மூடாமல் நின்றுவிடுகின்றது. இத்தகையோருக்கு ஒரு முறை சரியான சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் நிரந்தரமாகவே சுகம் கிடைக்கும்.

குரோன்ஸ் நோயில் கதை வேறு. இங்கே வயலே பழுதாகி இருக்கின்றது. குடற்சுவரில் ஆழமான புண்கள் உண்டாகி, அவை சுவரைத் துளைத்து வெளியேறுகின்றன. ஒரு வளையை அடைத்தாலும், உள்ளே அழற்சி அடங்காதவரை அடுத்த வளை தோன்றும். ஒரே நோயாளிக்கு மூன்று, நான்கு துவாரங்கள் இருப்பதும், ஒரு சுரங்கம் உள்ளே கிளைவிட்டுப் பிரிவதும் இதனாலேயே.

குடல் அழற்சி நோய் என்பது என்ன?

எமது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி, கிருமிகளோடு போராடுவதற்குப் பதிலாகக் குடலோடேயே போராடத் தொடங்குவதை இவ்வாறு அழைக்கின்றார்கள். இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்தோலில் மட்டும் புண்களை உண்டாக்குவது. அதில் பவுத்திரம் அபூர்வம். அந்த நோய் என்று சொல்லப்பட்ட ஒருவருக்குப் பவுத்திரம் வந்தால், நோயின் பெயரையே வைத்தியர்கள் மீண்டும் யோசிப்பார்கள். மற்றையது குரோன்ஸ் நோய். வாய் முதல் மலவாசல்வரை எங்கும் வரலாம், குடற்சுவரின் முழுத் தடிப்பையும் பாதிக்கும். 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பேரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் இதை விபரித்து எழுதினார்கள். பெயர் மட்டும் ஒருவருக்குப் போய்விட்டது. மலவாசற் பவுத்திரமும் இந்நோயின் ஒரு பகுதியே என்பதை 1938இல் குரோனும் அவரது சக வைத்தியர் ஒருவரும் எடுத்துக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து நோயாளர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, குரோன்ஸ் நோய் உள்ளவர்களில் இருபது வருடங்களுக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு மலவாசற் பவுத்திரம் ஏற்படுகின்றது. சிலருக்குப் பவுத்திரமே முதல் அடையாளமாக வருகின்றது. வயிற்று நோவோ வயிற்றோட்டமோ பின்னர்தான் தெரியும்.

எமது நாட்டில் இது குறைவு. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கு ஒன்று 2010இல் வெளியாகியது. ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவிலேயே அதில் குரோன்ஸ் நோய் காணப்பட்டது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் இப்போது முன்னரைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் ஒரு கிராமிய வைத்தியசாலையின் வைத்தியர் வருடத்துக்கு ஒருவரைக்கூடக் காணாமற் போகலாம். ஆகவே அவர் முதலில் சாதாரண பவுத்திரம் என்று நினைப்பதில் தவறில்லை. அவருக்கு வேண்டிய தகவலை நாம் கொடுக்காமல் விடுவதே தவறாக முடிகின்றது.

இது தொற்று நோயல்ல. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ பிறருக்கு வராது. சூனியமுமல்ல, ஒழுக்கக் கேட்டின் கூலியுமல்ல. அவ்வாறு பேசுபவர்களை நாம் சந்தித்திருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கின்றது. ஒன்று மட்டும் உறுதி: பீடி, சிகரெட், சுருட்டுப் புகை இந்நோயை மோசமாக்குகின்றது.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

கீறி ஆற்றிய கட்டு அதே இடத்திலோ பக்கத்திலோ திரும்பவும் வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட துவாரங்கள் இருந்தால், மலவாசலைச் சுற்றித் தடித்த தோல்மடிப்புகள் தொங்கினால் யோசிக்க வேண்டும். அதோடு நாலைந்து கிழமைகளுக்கு மேலாக வயிற்றாலை போதல், வலது அடிவயிற்றில் நோவு, காரணமின்றி நிறை குறைதல், அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வீக்கம், கண் சிவந்து நோதல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகளாயின் உயரமும் நிறையும் நின்றுபோவது பெரிய அடையாளம். "பிள்ளை சாப்பிடுவதில்லை" என்று நாம் அதட்டுவதோடு விட்டுவிடுகின்றோம்.

பெண்கள் சிலருக்குச் சுரங்கம் குடலிலிருந்து யோனிக்குள் திறக்கின்றது. காற்றோ மலமோ அவ்வழியாக வரும். இதைச் சொல்லும் பெண்கள் மிகவும் குறைவு. சொல்லாமல் அனுபவிப்பவர்கள் எத்தனைபேர் என்று எமக்குத் தெரியாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்வது முதற்படியாக இருக்கலாம்.

இன்னுமொன்றைக் குறிப்பிட வேண்டும். காசநோயும் குடலைத் தாக்கும், மலவாசலில் பவுத்திரத்தையும் உண்டாக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கலாம். எமது பகுதி நாடுகளில் வைத்தியர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்த நெஞ்சுப் படம், குடலின் உள்ளே கமெரா விட்டுப் பார்த்தல், சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தல் என்று காலம் எடுப்பார்கள். "இழுத்தடிக்கிறார்கள்" என்று கோபிக்க வேண்டாம். குரோன்ஸ் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் நோயெதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. காசநோய் உள்ளவருக்குத் தெரியாமல் அவற்றைக் கொடுத்தால் காசநோய் பற்றி எரியும்.

கத்தி ஏன் முதலில் வேண்டாம்?

மலவாசலைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உண்டு. ஆச்சிமாரின் சுருக்குப்பையின் வாயை இழுத்து மூடும் கயிறு போல அவை வேலை செய்கின்றன. உட்தசை எம்மை அறியாமலே மூடியிருக்கும். வெளித்தசையை நாம் விரும்பி இறுக்குகின்றோம். பவுத்திரச் சுரங்கம் பெரும்பாலும் இத்தசைகளை ஊடறுத்தே செல்கின்றது. சுரங்கத்தைத் திறந்து ஆறவிடுவதென்றால் அதன்மேலுள்ள தசையையும் வெட்ட வேண்டும். சிறிதளவு வெட்டினால் பாதகமில்லை. அதிகம் வெட்டினால் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமற் போகும். போன தசை திரும்பி வராது.

பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னனுக்குப் பவுத்திரம் வந்து, 1686 நவம்பரில் பீலிக்ஸ் என்னும் சத்திரவைத்தியர் அதைத் திறந்து சுகப்படுத்தினார். மன்னன்மீது கை வைக்குமுன் பாரிஸ் வைத்தியசாலைகளில் இருந்த ஏழை நோயாளர்களில் அவர் பழகிப் பார்த்தார். மன்னன் பிழைத்ததைப் பலரும் எழுதினார்கள், அந்த ஏழைகளுக்கு என்ன நடந்தது என்பதை எழுதியவர் குறைவு. இலண்டனில் பிரெடெரிக் சாமன் என்னும் வைத்தியர் 1835இல் ஏழைகளின் பவுத்திரத்துக்கென்றே ஏழு கட்டில்களோடு ஒரு சிறிய வைத்தியசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய சென் மார்க்ஸ் வைத்தியசாலை. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸுக்கு 1841இல், மயக்க மருந்து வருவதற்கு முன்னைய காலத்தில், பவுத்திரத்தை வெட்டியவரும் இவரே. இந்த நோய் மன்னர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வந்த ஒன்றுதான் என்பதற்காகவே இவற்றைச் சொன்னோம்.

ஆனால் குரோன்ஸ் நோயாளிக்கு அழற்சி அடங்காத நிலையில் அவ்வாறு திறந்தால் காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். ஒவ்வொரு புதிய சுரங்கத்துக்கும் ஒவ்வொரு தடவை வெட்டினால் கடைசியில் தசையே மிஞ்சாது. எனவே இன்று கையாளும் ஒழுங்கு வேறு: முதலில் தேங்கிய சீழை வெளியேற்றுவது. பின் எம்.ஆர்.ஐ. ஸ்கான் மூலமும், மயக்கம் கொடுத்து நேரில் பார்த்தும் சுரங்கங்கள் எவ்வழியாகப் போகின்றன என்று வரைபடம் எடுப்பது. பின் சுரங்கத்தின் ஊடாக ஒரு நூலை விடுவது.

இந்த நூலை விளக்கவேண்டும். ஏனென்றால் அதைக் கண்டு பயந்து கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்கள் உண்டு. மெல்லிய இறப்பர் அல்லது சிலிக்கோன் நூல் ஒன்றை வெளித்துவாரத்தால் விட்டு, உள்வாயால் எடுத்து, மலவாசலுக்கு வெளியே தளர்வாக முடிந்துவிடுவார்கள். அது சுரங்கத்தின் வாய் மூடாமல் பார்த்துக்கொள்ளும். வாய் திறந்திருந்தால் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், கட்டாகத் திரளாது. காய்ச்சலும் இரவு நோவும் நிற்கும். கசிவு நிற்காது. கசியச் செய்வதுதான் நூலின் வேலை. நூலோடு குளிக்கலாம், நடக்கலாம், வேலைக்குப் போகலாம். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில் அது இருக்கும். தானாக அறுந்து விழுந்தால் பதற வேண்டியதில்லை, அடுத்த நாட்களில் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அரிக்கிறதென்று வீட்டிலே கத்தரிக்கோலால் வெட்டிவிடக் கூடாது.

நூல் கட்டுவது புதிய முறையல்ல. குதிரைமயிரோடு சேர்த்து முறுக்கிய நூலைக் கட்டும் முறை இப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் பண்டைய கிரேக்க நூலில் உண்டு. ஆயுர்வேதத்தில் சுசுருதரின் காலந்தொட்டுக் காரநூல் கட்டுவது வழக்கம். மூலிகைக் காரம் பூசிய அந்நூல் சிறிது சிறிதாகத் தசையை அறுத்துக்கொண்டே ஆற்றுகின்றது. சாதாரண பவுத்திரத்தில் அது நல்ல பலன் தருவதை இந்தியாவில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அறுக்கும் நூல் வேறு, வடியவிடும் நூல் வேறு. குரோன்ஸ் நோய் உள்ளவர் ஆயுர்வேத வைத்தியரிடம் போவதானால், தமக்குக் குடல் நோய் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஒரு நல்ல வைத்தியர் அதன்பின் அறுக்கும் நூலைக் கட்டத் தயங்குவார்.

மருந்துகள்

நூல் வழியை மட்டும் காக்கின்றது. நோயை அடக்குவது மருந்து. மெட்ரோனிடசோல், சிப்ரோபுளொக்சசின் என்னும் இரு கிருமிநாசினிகளும் சீழையும் நோவையும் குறைக்கும். ஆனால் நிறுத்தியதும் கசிவு பெரும்பாலும் திரும்பும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மதுபானம் கூடாது. நீண்ட நாள் எடுத்துப் பாதங்கள் விறைத்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஸ்டீரொயிட் குளிசைகள் குடலின் அழற்சியைத் தணித்தாலும் பவுத்திரத்தை ஆற்றுவதில்லை. உள்ளே சீழ் இருக்கும்போது கேடும் செய்யும். "முன்னர் தந்த குளிசை நன்றாக வேலை செய்தது" என்று பார்மசியில் தாமாகவே வாங்கி விழுங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். அசத்தயோபிரின் மெதுவாக, மூன்று மாதமளவில் வேலை தொடங்கும். வெள்ளைக் குருதிக் கலங்கள் குறைகின்றனவா என்று ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும்.

பெரிய மாற்றம் இன்ப்ளிக்சிமாப் என்னும் மருந்தோடு வந்தது. 1999இல் வெளியான ஆய்வில் 94 நோயாளர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் சாதாரண அளவு பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு எல்லாத் துவாரங்களும் கசிவு நின்று மூடின. வெறும் திரவம் பெற்றவர்களில் 13 பேருக்கே அவ்வாறு நடந்தது. ஆனால் முதலில் பலன் கண்டவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த 2004ஆம் ஆண்டின் ஆய்வு எம்மைத் தரையில் நிறுத்துகின்றது. மருந்தைத் தொடர்ந்து பெற்றவர்களிலும் நூற்றுக்கு 36 பேருக்கே வருட முடிவில் துவாரங்கள் மூடியபடி இருந்தன. மருந்தில்லாதவர்களில் 19 பேர். அற்புத மருந்தல்ல, ஆனால் முன்னர் இருந்தவற்றைவிட மிக நல்லது.

இதைச் சேலைன் ஏற்றுவது போல நாளத்தின் வழியாக ஏற்றுவார்கள். முதலாம் நாள், இரண்டாம் கிழமை, ஆறாம் கிழமை, பின் எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை. தொடங்குமுன் சீழ் வடிக்கப்பட்டிருக்க வேண்டும், காசநோயும் செங்கமாரி பி வைரசும் இல்லையென்று பார்த்திருக்க வேண்டும். அடலிமுமாப் என்னும் மற்றொரு மருந்தைத் தோலின்கீழ் ஊசியாகத் தாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள் அதை வெட்கப்படாமல் கிளினிக்கில் சொன்னால் வேறு ஒழுங்கு யோசிக்கலாம். இம்மருந்துகளின் விலை ஓர் ஏழைக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது சாதாரண குளிசைகளுக்கே மக்கள் அலைந்தார்கள். ஆகவே மருந்தைத் தொடங்குமுன், அது தொடர்ந்து எங்கே, எவ்வாறு கிடைக்கும் என்று குடல்நோய் நிபுணரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். இடையில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால் உடல் மருந்தையே எதிர்க்கப் பழகிவிடலாம்.

குடல் அடங்கிய பின், தசையை வெட்டாமல் உள்வாயை மட்டும் மூடும் சத்திரசிகிச்சைகள் சிலருக்குச் செய்யலாம். எதற்கும் அடங்காத சிலருக்கு மலத்தை வயிற்றுப் பக்கத்தால் ஒரு பைக்குள் திருப்பிவிடுவார்கள். தற்காலிகம் என்று தொடங்குவது பலருக்கு நிரந்தரமாகிவிடுகின்றது என்பதை முன்கூட்டியே சொல்வது நேர்மை. ஆயினும் பையோடு வேலைக்குப் போகின்றவர்கள், பிள்ளை பெற்றவர்கள் உலகில் எத்தனையோ பேர். மூலக்கல ஊசி பற்றியும் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் 2018இல் அனுமதிக்கப்பட்ட அத்தகைய மருந்தொன்று, 2023இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் வெறும் திரவத்தைவிட மேலான பலனைக் காட்டாததால் 2024இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பெயரில் யாராவது பெருந்தொகை கேட்டால் காணியை ஈடு வைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

தண்ணீரால் கழுவும் எமது வழக்கம் இந்நோய்க்குக் கடதாசியைவிட நல்லது. மலங்கழித்த பின் வெறுந் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஒரு பெரிய பேசினில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் அதில் இருந்தால் நோவு தணியும். டெற்றோலோ வாசனைச் சவர்க்காரமோ அதில் கலக்கக் கூடாது. பொட்டாசியப் பெர்மங்கனேற்றுக் கட்டியைப் போட்டுத் தோலைப் பொசுக்கிக்கொண்டவரையும் நாம் அறிவோம். கழுவிய பின் தோலில் வசிலினோ சிங்க் களிம்போ மெல்லிதாகப் பூசினால் கசிவு தோலைத் தின்னாது.

துணி விடயம் முக்கியம். பழைய பருத்திச் சாறத்தையோ வேட்டியையோ கைப்பிடி அகலத் துண்டுகளாக வெட்டி, நாலாக மடித்துப் பாவிக்கலாம். தோய்த்து, கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவிட வேண்டும். அறையின் மூலையில் மறைத்துக் காயவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடையில் பெண்களுக்கென விற்கும் பட்டிகளை ஆண்கள் பாவிப்பதிலும் பிழையில்லை. கடைக்காரர் உங்கள் வீட்டுக்கென்றே நினைப்பார். நாளொன்றுக்கு எத்தனை துணி நனைந்தது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். "கசிவு கூடவோ குறையவோ?" என்று வைத்தியர் கேட்கும்போது அந்தக் கணக்கு பெரிய உதவி.

சாப்பாட்டால் பவுத்திரம் வருவதுமில்லை, பத்தியத்தால் ஆறுவதுமில்லை. மெலிந்துபோன உடம்பில் புண் ஆறாது. முட்டை, மீன், பருப்பு, தயிர் என்பவற்றை உடம்பு ஏற்கும் அளவு சாப்பிட வேண்டும். வயிறு மோசமான நாட்களில் நார்ச்சத்து மிகுந்தவற்றைக் குறைத்துக் குழைந்த சோறும் கஞ்சியும் எடுக்கலாம். நோவுக்குப் பனடோல் போடலாம். இபுபுறூபன், டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகள் குடலைக் கிளறக்கூடியவை.

கணவன் மனைவி விடயத்தையும் விட்டுவிட முடியாது. நூல் இருப்பதாலோ கசிவு இருப்பதாலோ தாம்பத்தியம் தடையல்ல, துணைக்கு நோய் தொற்றாது. தடையாக இருப்பது பெரும்பாலும் மணமும் வெட்கமுமே. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பிள்ளை பெறலாம். மலவாசலில் புண் உள்ள நிலையில் கர்ப்பமான பெண், பிரசவத்துக்கு முன்பே அதைச் சொல்லவேண்டும். கீழே கிழிந்தால் ஆறாதென்பதால் வைத்தியர்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைப் பிரசவத்தையே விரும்புவார்கள்.

குளிரோடு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கமும் நோவும், சிவப்பு தொடைக்கோ விதைப்பைக்கோ பரவுதல், சலம் போக முடியாமை ஆகியவற்றில் ஒன்று வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பல வருடம் பழகிய பவுத்திரத்தில் புதிதாக நோவோ கட்டியான தடிப்போ ஏற்பட்டாலும் காட்டவேண்டும். அபூர்வமாக அங்கே புற்றுநோய் உண்டாகலாம்.

வைத்தியரிடம் போகும்போது, பழைய துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். "எனக்கு மூலம்" என்று தொடங்க வேண்டாம். பெயர் வைப்பது அவருடைய வேலை. "மலவாசலுக்குப் பக்கத்தில் துவாரம் இருக்கு, இவ்வளவு காலமாகச் சீழ் வருது, இத்தனை தரம் கீறினார்கள், நாளுக்கு இத்தனை தரம் வயிற்றாலை போகுது, இத்தனை கிலோ குறைஞ்சிருக்கு" என்று சொன்னால் போதும். பெண்கள், பரிசோதனையின்போது ஒரு தாதி கூட நிற்கவேண்டுமென்று கேட்கலாம்.

அந்த மேசனுக்கு இப்போது இரண்டு நூல்கள் இருக்கின்றன. எட்டுக் கிழமைக்கொரு தடவை விடிய முதல் பஸ்ஸில் பெரிய வைத்தியசாலைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு இரவில் திரும்புகின்றார். நிறை ஐம்பத்தாறு. சாந்து குழைப்பதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நின்றபடி செய்யும் பூச்சு வேலைக்கு மீண்டும் போகத் தொடங்கியுள்ளார். இக்கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னபோது ஊரின் பெயரைப் போட வேண்டாமென்றார். சிறிது யோசித்துவிட்டு, துணிக் கணக்கை மட்டும் போடச் சொன்னார்: தொடக்கத்தில் நாளுக்கு ஒன்பது, இப்போது இரண்டு.